முகப்புப் பலகை

வீட்டு முகப்புக்குப் பலகை எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. அடுத்து, பக்கத்து வீட்டுக்காரன் இதைப் போட்டிருக்கிறானா என்பதை. இரணியல் பக்கம் பெய்கிற மழையைப் பற்றி ஒருத்தனும் கேட்பதில்லை. காலமெல்லாம் கட்டட சூப்பர்வைசராக நின்று நான் கண்டது இவ்வளவுதான் சார்.

என் தங்கை கணவன் ஜாஸ்பர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, பலகையைத் தேர்ந்தெடுத்தது தான்தான், எல்லாம் தன் தவறு என்று அழுதானாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குத் தேக்குக்கும் அயனிக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தது நான். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

துபாயில் இருந்தவரை அவனால் எனக்குத் தொல்லை இல்லை. என் தங்கை பூங்கனி எதற்கும் என்னிடம்தான் வருவாள். கிணற்று மோட்டார் ஓடாவிட்டாலும் நான், சபை அசன விருந்துக்கு அரிசி கொடுப்பதற்கும் நான். அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு எதைக் கேட்டாலும், "அவிய சொல்லட்டு அண்ணே" என்று புருஷனைக் காட்டி ஆரம்பித்தாள். அவியளாம். குளிக்காத நாளிலும் சென்ட் அடிக்கிற ஆள். சபையில் விருந்தாளி ஒருவரிடம் என்னைக் காட்டி, நம்ம சைட்டில் நிற்கிற ஆள் என்றான். நான் கோபப்படவில்லை. அவனையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டு கோபப்பட முடியாது.

அவன் கட்டிய புது வீட்டுக்கு நான்தான் சூப்பர்வைசர். அதற்கு அவன் போனில் ஒரு படம் வைத்திருந்தான். வெளிநாட்டு வீடு. கூரை விளிம்பு, ஜன்னல் ஓரம், மாடிக் கைப்பிடி எல்லாம் மரப் பலகை. கைப்பிடிச் சுவர் வேண்டாம், கம்பி வேண்டாம், படத்தில் உள்ளபடியே வேண்டும் என்றான். மரம் கறையான் அரிக்கும், எஞ்சினியர்டு வுட் போடலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். மரத்தூளையும் சிம்பையும் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை. அதில் வெளியே போடுவது வேறு, வீட்டுக்குள் போடுவது வேறு. மேலே ஒட்டிய நிறம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி, என் வீட்டுக் கொல்லையில் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். ஒன்று அப்படியே கிடந்தது. மற்றது ஊதி, விரலால் தொட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்ததைத்தான் வாங்கச் சொன்னேன். ஜாஸ்பர் கடையில் அதை விரலால் தட்டிப் பார்த்து, பெரிய ஆசாரியைப் போலத் தலையாட்டினான்.

"மழைக்கு நிக்குமா மச்சான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"நிக்கும்," என்றேன்.

கைப்பிடியின் கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் அடித்து இறுக்கப் போன ஆசாரியை நான் தடுத்தேன். துளை போட்டால் தளம் ஒழுகும் என்றேன். கால்கள் எல்லாம் முகப்புப் பலகையில் வெறும் திருகாணியில் நின்றன. ஐப்பசி முழுக்க மழை. நிறத்தாளுக்கு உள்ளே பலகை ஊறிக்கொண்டிருந்தது. வெளியே பளபளப்பு குறையவில்லை. அதுவும் அவனைப் போலத்தான்.

இனி ஸ்டார் கட்டுகிற நாள்தான் பாக்கி. டிசம்பர் பிறந்தால் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் விளக்கு ஸ்டார் தொங்காத வீடு கிடையாது. அதைக் கட்டுவது வீட்டு ஆம்பளை. எங்கள் குடும்பத்தில் அது மாறியதே இல்லை. அவன் மாடியில் நின்று, கைப்பிடியில் வயிற்றைக் கொடுத்து, வெளியே எட்டித்தான் கட்டியாக வேண்டும். பூங்கனி அதில் சாயக் கூடாதே என்று, பெயிண்ட் காயவில்லை என அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். என் தங்கையை நான் அவ்வளவு பார்த்துக்கொண்டேன்.

ஸ்டார் கட்டுகிற அன்று சாயங்காலம் நான் போனபோது ஜாஸ்பர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இடுப்புப் பிடித்திருக்கிறதாம். மேலே ஸ்டாரோடு பூங்கனி நின்றாள்.

"ஏட்டி, இன்னும் இத்திரி வெளிய தள்ளிக் கெட்டு," என்றான் அவன்.

அவள் எட்டினாள். நான் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தினால், எனக்கு முன்பே தெரியும் என்பது அந்த முட்டாளுக்கும் விளங்கிவிடும். பிறகு அவன் முன்னால் நான் தலைகுனிந்து நிற்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, நேரா இருக்கா பாரு."

"இருக்கு மக்கா," என்றேன்.

பலகை சத்தமே இல்லாமல் விட்டது. அவள் விழுந்தது அவன் ஆசைப்பட்டுப் போட்ட சிமெண்டுக் கல் தரையில். அடக்கத்தன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். சட்டையெல்லாம் சென்ட் வாடை.

பலகை என் வேலை. அது நான் நினைத்தபடியேதான் செய்தது, அதில் ஒரு பிழையும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சார், பெண்டாட்டியை மேலே ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தானே, அவன் ஒழுங்காக அவன் வேலையைச் செய்திருந்தால் என் தங்கை இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அவளைக் கொன்றது அவன்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.