ஏக்கிள் நேர் றோட்டு

இல்லை டொக்டர், அந்தக் கேள்வியை விட்டிட்டு ஓடேல்லை. வாறன். முதல்ல பிறஷரை எடுங்கோ. கையில பட்டியைச் சுத்திப்போட்டுக் கதைக்காதேங்கோ எண்டால் எப்பிடி? சரி, சரி, மூடுறன்.

எத்தினை? நூற்றி ஐம்பத்திரண்டோ? அது லொறிக்காரன்ர பிறஷர். மூண்டு தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்தனான். கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா எடுங்கோ, இறங்கும்.

உங்களுக்கு இந்த லைசென்ஸ் போம் பழக்கம்தானே. நாப்பத்தைஞ்சு தாண்டின எல்லா லொறிக்காரனும் அஞ்சு வருசத்துக்கொருக்கா டொக்டரிட்டக் கையெழுத்து வாங்கவேணும். எனக்கு அம்பது. இந்த மாதம் முப்பதோட லைசென்ஸ் முடியுது. உங்கட கையெழுத்து இல்லையெண்டால் இந்த ஞானரட்ணத்தின்ர லொறி யாட்டில கிழட்டுப் பூனை மாதிரிப் படுத்திருக்கும். கம்பனியில வேலை செய்யிறவனெண்டால் அவனுக்கு ஸ்ரோருக்குள்ள வேறயேதும் வேலை குடுப்பினம். எனக்கு முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். ஆர் ஆருக்கு வேலை குடுக்கிறது?

என்ன ஏத்துறதோ? எண்ணெய்த் தளத்துச் சாமான், பிள்ளை. மன்னிக்கவேணும், டொக்டர். என்ர மூத்தவளின்ர வயசு மாதிரி இருக்கிறியள், வாயில வந்திட்டுது.

வடகடலுக்க எண்ணெயும் காஸும் எடுக்கிற தளங்கள் இருக்கல்லோ, இரும்புக் காலில நிக்கிறது. அங்க ஒரு வால்வ் உடைஞ்சால் முழுத் தளமும் நிண்டிடும். நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டிருப்பாங்கள். புது வால்வ் அமெரிக்காவிலயிருந்து ஹீத்றோவில வந்திறங்கும். அதை அந்த நிமிசமே தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுறதுதான் என்ர வேலை. ஸ்கொட்லாந்தில அபடீன் எண்டால் இடையில எங்கயும் படுக்கவேணும், ஒரேயடியா ஓடச் சட்டம் விடாது. நான் கூடுதலா கிழக்குக் கரையில கிறேற் யாமத் எண்ட துறைமுகத்துக்குத்தான். மூண்டரை, நாலு மணித்தியாலம். சாமான் ஏத்துற கப்பல் ஆருக்கும் காத்துக்கொண்டு நிக்காது, பாருங்கோ. சில நேரம் ஏழரைத் தொன் லொறிக்குள்ள ஒரே ஒரு பெட்டி, எங்கட சனம் கொழும்புக்குக் கொண்டுபோற சூட்கேஸிலயும் சின்னன்.

சிரிக்கிறியள். ஓம், உங்கட சைவச் சனம் முழுக்க உதைத்தான் சொல்லுது, ஞானம் ஏழரைச் சனியைக் காசு குடுத்து வாங்கி ஓட்டுறான் எண்டு.

ஆ, போன் அடிக்குது. இது கொட்வின். ஓடர் பிரிக்கிறவன், மன்னார்ப் பெடியன்தான். ஹீத்றோவில ஏதோ இறங்கியிருக்கும். எடுக்காட்டில் மற்றவனுக்குக் குடுத்திடுவான். அடிக்கட்டும். இல்லை, அவசரமில்லை. அவனுக்கு எல்லாமே அவசரம்தான். மேசையில குப்புற வச்சுவிடுறன், அது துடிக்கிறதைப் பாத்தால் என்ர காலும் சேர்ந்து துடிக்குது.

நித்திரையோ? கொள்ளுறன். குறட்டையை என்ர மனிசி பியற்றிஸிட்டத்தான் கேக்கவேணும். குடி இல்லை. சீனி இல்லை. நெஞ்சு நோ, அதுவும் இல்லை.

ஓம், இப்ப அது. திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. கடைசி அஞ்சு வருசத்தில மயக்கம், வலிப்பு, நினைவு தப்பினது.

உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு லொறி ஓடுற கூட்டாளி ஒருத்தன், ஜெராட். அவன் சொன்னவன், லண்டன் சட்டனில பாமசிக்கு மேல ஒரு தமிழ் டொக்டர் இருக்கிறா, உன்ர பழைய றிப்போட் ஒண்டும் அவவிட்ட இராது, நீ சொல்லுறதைத்தான் எழுதுவா, எல்லாத்துக்கும் இல்லை எண்டுபோட்டு வா எண்டு. கோவியாதேங்கோ. எங்கட சனம் தமிழ் ஆளெண்டவுடன அப்பிடித்தானே நினைக்குது. நானும் படியேறேக்க அதைத்தான் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். இல்லை, இல்லை, இல்லை.

டொக்டர், உங்களுக்குச் செபமாலை தெரியுமோ? ஒரே செபத்தை அம்பத்திமூண்டு தரம் சொல்லுறது. முதல் பாதி ஒராள், மற்றப் பாதி மற்ற ஆள். தனியச் சொன்னாலும் பிழையில்லை, ஆனா பியற்றிஸுக்குப் பதில் சொல்ல ஆள் வேணும். அவ முதியோர் இல்லத்தில வேலை. காலமை ஷிப்டுக்கு நடந்து போகேக்க அவ போனில அருள் நிறைந்த மரியே எண்டு தொடங்குவா, நான் லொறிக்குள்ள ஸ்பீக்கரில புனித மரியே எண்டு முடிப்பன். ஏழு வருசமா இப்பிடித்தான். எங்கட வீட்டு விசயம் முழுக்க மாதாவுக்கு மோட்டர்வேயில வச்சுத்தான் தெரியும்.

போன வியாழன், காலமை எட்டு, எட்டேகால். யாமத்துக்குக் கிட்ட ஏக்கிள் எண்டொரு ஊர். அதைத் தாண்டினால் நேர் றோட்டு, நூல் பிடிச்ச மாதிரி. ரெண்டு பக்கமும் சதுப்பு, மாடு, றோட்டோட ஒட்டி வாய்க்கால். எதிரில பள்ளிக்கூட பஸ்ஸும் வரும். இடப்பக்கம் பழைய காத்தாலை ஒண்டு நிக்கும். அதை முன்னால பாத்தது நல்ல ஞாபகம். அடுத்ததாப் பாக்கிறன், அது சைட் கண்ணாடிக்குள்ள, பின்னால, சின்னனா நிக்குது.

இல்லை, நித்திரையில்லை. தூக்கம் வந்தால் எனக்குத் தெரியும், கண் எரியும், கழுத்து விழும். இது கை ஸ்ரியறிங்கிலதான், லொறி கோட்டுக்குள்ளதான். இடையில உள்ள துண்டைத்தான் ஆரோ வெட்டி எடுத்துப்போட்டினம்.

பியற்றிஸ் கேக்கிறா, என்னப்பா, சிக்னல் போட்டுதே, மூண்டு செபத்துக்கு உங்கட பாதியையும் நானே சொன்னன் எண்டு. நானும் ஓமப்பா, இந்தப் பக்கம் சிக்னல் சரியில்லை எண்டன். போனில நாலு கோடும் நிண்டது, டொக்டர்.

பெட்டியைக் குடுத்தன். கப்பல் நேரத்துக்குப் போட்டுது. பிறகு துறைமுகத்தில தனிய இருந்து, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு மூண்டு செபம் முழுசாச் சொல்லிப் பாத்தன். நாற்பத்தொரு செக்கன். அந்த ஓட்டத்தில அது ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட.

பேனையை ஏன் வச்சிட்டியள்? எடுங்கோ. ஓம் எண்டு போடுங்கோ. நான் வாயால சொல்லிப்போட்டன், இனி நீங்கள் நினைச்சாலும் கேக்காத மாதிரி இருக்க ஏலாது. அதுக்குத்தான் சொன்னனான். எனக்குள்ளயே வச்சிருந்தால் கொட்வின்ர அடுத்த போன் கோலுக்கு எழும்பிப் போயிருப்பன்.

இப்பவும் ஓடுறனோ எண்டோ? லொறி இன்னும் யாமத்திலதான் நிக்குது. நான் அண்டைக்கே ரயினில திரும்பி வந்தனான். வீட்டில தெரியாது. விடிய வழமை போல சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிடுறன். பஸ்ஸில மேல் தட்டில, முன் சீற்றில இருந்து சுத்திக்கொண்டு திரியிறன். பியற்றிஸ் நேரத்துக்கு எடுப்பா. நான் மெதுவாப் பதில் சொல்லுவன், பக்கத்துச் சனம் விசரனெண்டு எழும்பிப் போகுது.

வியாழனிலயிருந்து ஒருநாளும் விடேல்லை, டொக்டர். நேற்றும் எண்ணிக்கொண்டிருந்தனான், அம்பத்திமூண்டுக்கும் பதில் சொன்னனான். அதையும் எழுத அந்தப் போமில இடமிருக்கோ?