மழையில் நின்ற மாடுகள்

சத்தத்துக்கு மாடு பழகிவிடும் சார். முதல் வாரம் மிரளும், காலை உதறும். அப்புறம் இஞ்சின் சத்தம் கேட்டால்தான் பாலையே இறக்கும். என் செவலை அப்படித்தான். வரதராஜன்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அருளானந்தம் ஒரு மாட்டைக்கூடக் கைநீட்டி அடித்தவனில்லை என்பார்கள்.

இஞ்சினைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன். கறவை மெஷினில் காற்றை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று உண்டு. அது உறிஞ்சினால்தான் காம்பில் மாட்டிய கப் பிடித்து நிற்கும். மழை வந்தால் எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது என்பதால் பம்பைப் பெட்ரோல் இஞ்சினில் ஓட்டுகிறோம். இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில், கறவை அறைக்கு வெளியே, தகரக் கொட்டகையில் இருந்தன. பொருத்த வந்த ஆள் அன்றைக்கே சொன்னார்: "அய்யா, இஞ்சின மட்டும் உள்ள வச்சுறாதீங்க. பொகையில விஷக்காத்து இருக்கு. ஆள அப்படியே சாச்சுரும்." என் தம்பி லியோ பிரபு அப்போது துபாயில் இருந்தான். அவனுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்தவன், மாடுகளை விற்றுவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகச் சொன்னான். இடம் அவன் பெயரில் இருந்தது. "எத்தன நாளைக்குண்ணே சாணி அள்ளுவீங்க? வியாழக்கிழம லாரி வருது," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த லாரி மாட்டை எதற்கு ஏற்றிக்கொண்டு போகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது சார். சண்டை போடுகிற சுபாவமும் கிடையாது.

அன்றைக்கே பம்பிலிருந்து கப்புக்குப் போகிற ரப்பர் குழாயில் கோணி ஊசியால் ஒரு துளை போட்டேன்.

புதன்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. இஞ்சின் சாரலில் நனைகிறதே என்று சொன்னது லியோதான். "உள்ள தூக்கி வச்சுருவோம்ணே," என்று ஒரு பக்கத்தை அவனே பிடித்தான். நான் மறு பக்கத்தைப் பிடித்தேன். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினேன்.

கப் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. லியோ துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். எங்கே காற்று இழுக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டான், சின்ன வயதிலிருந்தே வீம்பு. "இஞ்சின நிறுத்தாதீங்க, ஓடுனாத்தான் தெரியும்," என்று ஈர விரலைக் குழாயில் வைத்து வைத்துப் பார்த்தான். "கப் நிக்கிற வரைக்கும் மாடு எதுக்குடா உள்ள?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போய் முந்திரி மரத்தடியில் கட்டினேன். திரும்பி வந்து இரும்புக் கதவைச் சாத்தி வெளியிலிருந்து கொண்டியைப் போட்டேன். காற்றில் கதவு அடிக்குமே.

தார்ப்பாயைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். கறவை நேரத்தில் மாடுகள் ஏன் மழையில் நின்றன என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குப் பதில் வைக்கவில்லை. வாயில்லா ஜீவன்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்த எனக்கு மனசு வரவில்லை சார்.

லியோ தட்டினான். பலமாக இல்லை. "அண்ணே, கதவத் தெறங்க, தல சுத்துது," என்றான். அப்புறம் "அண்ணே" என்று மட்டும் கேட்டது. நான் செவலையின் முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம். இஞ்சின் பெட்ரோல் தீர்ந்து நிற்கும்வரை அங்கேயே நின்றேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே அழுவது லியோவின் மனைவி விண்ணரசி. அவளுக்குக் கறக்கத் தெரியாது. மாலைக் கறவைக்கு யாரையாவது அனுப்பிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மழையில் நனைந்ததிலிருந்து செவலைக்குக் காய்ச்சல், வைக்கோலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இஞ்சினை எடுத்தபிறகு தகரக் கொட்டகை காலியாகத்தானே கிடந்தது. செவலையை அங்கே கட்டியிருக்கலாம். அந்த ஒரு தப்புதான் சார் நான் செய்தது.