ஓட்டினவருக்கு முதலில் ஜீப்

அது 1991. வடக்குப்பட்டு வயலில் ஃப்ளையிங் க்ளப்பின் சின்ன விமானம் விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரகடத்தில் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“பொம்பள கைல ஏரோப்ளேன குடுத்தா வயல்லதான் வுழும்,” என்றார் மீசைக்காரர்.

“நீ இன்னாபா, அன்னிக்கு கூட இருந்த அந்த ஆளுதான் ஓட்டினாருன்னு ஜீப்புல ஏத்தி அனுப்புன,” என்றார் மற்றவர்.

“இருந்தது ஒரே ஜீப்பு. ஒருத்தரத்தான் படுக்க வெக்க முடியும். ஓட்டுறவரு முக்கியமில்லியா?”

“அவருக்குக் கைதான் ஒடஞ்சிருந்துச்சு. யாரு ஓட்டுனதுன்னு நீ கேட்டப்போ, ரத்தத்துல கெடந்துகினே அந்தம்மாதான் கைய தூக்குச்சு.”

“மண்டைல அடி, உளறுதுன்னு நெனச்சேன். ஜீப்பு திரும்பி வர்றதுக்குள்ள போய்ட்டா. பொழுதுபோகலன்னு பறந்தா இப்பிடித்தான்.”

“இஞ்சின் நின்னதும், அந்தம்மாதான் நடவு நட்டுக்கினு இருந்தவங்க மேல வுழாம திருப்பி வரப்புல மோதுச்சாம். ஆஸ்பத்திரில அந்த ஆளு சொல்லி அழுவுறாரு.”

மீசைக்காரர் டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

“நடவுல உன் சம்சாரமும் இருந்துச்சில்ல?”

“இருந்தா,” என்றார். “மூணு நாளா என்னாண்ட பேசல.”