வரத்துக்கால் வெட்டியவர் பெண் பார்க்க வந்தார்

— அதெல்லாம் இருக்கட்டும். பொண்ணு பாக்க ஒங்க அம்மையும் தாய்மாமாவும் வந்திருக்காங்க. ஒங்க அப்பா ஏன் வரல?

— மூட்டுவலின்னு கீழ எங்க மாமா சொன்னாரே, கேக்கலையா?

— கேட்டேன். அவிய மூட்டுவலின்னு சொல்லும்போதே ஒங்க அம்மை காய்ச்சல்னாங்க. அதான் மாடிக்கு வந்து ஒங்ககிட்டக் கேக்கேன்.

— சரியாப் போச்சு. இடைசெவல்ல இருந்து பசுவந்தனை வரைக்கும் பஸ்ஸுல வந்தாவ, ரெண்டு பேரும் ஒரு நோயாப் பேசி வச்சிருக்கலாம். ஜன்னல் சீட்டுக்குல்லா சண்டை போட்டுக்கிட்டு வந்தாவ.

— சங்கரபாண்டின்னுதான ஒங்க பேரு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

— எங்க அப்பா என்கிட்டப் பேசுததில்ல, இசக்கிச்செல்வி. ஐப்பசியில நிறுத்துனாரு. ஏதும் சொல்லணும்னா எங்க வீட்டு நாய்கிட்டத்தான் சொல்லுவாரு. 'ஏலே மணி, மோட்டார நிறுத்தணும்னு இந்த வீட்டுல யாருக்காவது தோணுதா பாரு'ம்பாரு. நாய் என்னையப் பாக்கும். நான் போயி நிறுத்துவேன்.

— அப்படி என்ன செஞ்சீங்க?

— சுற்றுச்சூழலக் காப்பாத்துனேன்.

— வெளயாடாதீங்க.

— நெசமாத்தான். ஊருல இளைஞர் குழு வச்சிருக்கோம். நாந்தான் தலைவரு. மொதக் கூட்டத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால தலைவராக்கிட்டானுவ. மொத வருசம் கம்மாய்க்கரை நெடுக பனங்கொட்டை பொதச்சோம். பச்சைச் சட்டை, பேனரு, போட்டோ எல்லாம் உண்டு. தைப்பொங்கலுக்கு ஊரே தோண்டிக் கிழங்கு அவிச்சுத் தின்னுட்டாவ.

— அடப்பாவமே!

— எங்க வீட்டுக்கும் ஒரு கட்டு வந்திச்சு. நல்லா மாவா இருந்திச்சு.

— இதுக்கா அப்பா பேசாம இருக்காவ?

— ச்சே, கிழங்குன்னா அவருக்கு உசுரு. இது வேற கூத்து. மழை பேஞ்சும் எங்க கம்மாய்க்குத் தண்ணி வர மாட்டேங்குது. என்னன்னு போயிப் பாத்தா, தண்ணி வர்ற வரத்துக்கால்ல முள்ளு மண்டிக் கெடக்கு. அதைத் தாண்டிப் போனா அந்த வாய்க்காலையே காணும். எவனோ உழுது தன் காட்டோட சேத்துட்டான். கூட்டத்துல நான் எந்திரிச்சு மேசையத் தட்டிப் பேசுனேன். 'ஆக்கிரமிச்சவன் எவனா இருந்தாலும் மூஞ்சி பாக்க மாட்டோம், வெட்டித் தொறப்போம்'னு. ஒருத்தன் அதை வீடியோ எடுத்து ஊரு வாட்ஸப்புலயும் போட்டுட்டான்.

— யாரு காடு அது?

— சர்வேயர் வந்து அளந்துகிட்டே போனாரு. நானும் பின்னாலயே போறேன். ஆளு நேரா எங்க பருத்திக்காட்டுக்குள்ள நொழையுதாரு. 'சார், வழி தப்பிட்டீங்க'ங்கேன். அவரு செடிக்கு நடுவுல இருந்த வரத்துக்கால் எல்லைக்கல்லைக் காட்டுதாரு.

— ஐயையோ.

— சின்னப்புள்ளையில அது மேல ஒக்காந்துதான் கஞ்சி குடிச்சிருக்கேன். சும்மா கல்லுன்னுல்லா நெனச்சேன்! எங்க தாத்தா காலத்துலயே சேத்திருக்காவ.

— பேசாம விட்டிருக்கலாம்ல?

— விடத்தான் பாத்தேன். வெளிய தல காட்டாம வீட்டுலயே கெடந்தேன். குழுவுல ஒருத்தனும் என்னைய வையல. தெனமும் காலைல குட்மார்னிங்குக்குப் பதிலா அந்த வீடியோவ அனுப்புனானுவ, அவ்வளவுதான்.

— பொறவு?

— அப்பாகிட்டக் கேட்டேன். 'பருத்தி எடுத்த பொறவு பாப்போம்'னாரு. பருத்தி எடுக்கது மாசியில. மழை மாசி வரைக்கும் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? மறுநாள் விடியவும் மம்பட்டியத் தூக்கிட்டுப் போனேன். அவரும் பின்னாலயே வந்தாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். வரப்புல ஒக்காந்துட்டாரு.

— ஒண்ணுமே சொல்லலையா?

— அவரு வெதச்ச செடிய அவரு கண்ணு முன்னால நான் வெட்டி எறியுதேன். எனக்கு மம்பட்டி புடிக்கவும் வராது. கொஞ்ச நேரத்துலயே கையெல்லாம் கொப்பளம். 'கோணக் கோணையா வெட்டுதான் பாரு'ன்னாரு. என்கிட்ட இல்ல, வரப்புகிட்ட. அன்னைக்கு நிறுத்துனதுதான்.

— அழுதீங்களோ?

— வேர்வைன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்குள்ள பயலுவளும் வந்துட்டானுவ. எல்லாருமாச் சேந்து வெட்டி முடிச்சோம்.

— தண்ணி வந்துச்சா?

— ஐப்பசி மழைக்குப் பாதிக் கம்மாய் நெறஞ்சிது. ஊரே கரையில நின்னு வேடிக்க பாத்திச்சு. அப்பாவும் வந்து அந்தக் கோடியில நின்னாரு. எப்படியாவது பேசிருவோம்னு ஓடுனேன். கரிசமண்ணு வழுக்குமே! அப்படியே சறுக்கித் தண்ணிக்குள்ள போயி விழுந்தேன். அப்பா சிரிச்சாருன்னு அம்மை சொல்லுதா. நான் உள்ள முங்கிக் கெடந்தேன், பாக்கக் குடுத்து வைக்கல.

— இதைக் கீழ சொல்லியிருந்தா எங்க அப்பா பொண்ணு குடுக்க மாட்டாவ.

— அதான் மாமா மூட்டுவலிய எறக்கிவிட்டாரு. ஆனா ஒங்ககிட்ட மறைக்கது ஏமாத்துத மாதிரில்லா? சொல்லிட்டேன். எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. இனி நீங்கதான் சொல்லணும்.

— ஒங்க குழுவுல பொம்பளப்புள்ளைய உண்டா?

— பேனருல ஒரு படம் போட்டிருக்கோம்.

— சிரிப்பு காட்டாதீங்க. அடுத்து என்ன வேலை?

— ஞாயித்துக்கெழம, வரத்துக்கால்ல மிச்சமிருக்க முள்ளை வெட்டுதோம்.

— நான் வனக்காவலர் பரீட்சைக்குப் படிக்கேன். எங்க அப்பாகிட்டச் சொன்னா, 'நமக்கே காடு கெடக்கு, அதுல போயி காவலுக்கு நில்லு'ங்காவ. பரீட்சை முடியட்டும், வார மாப்பிள்ளைய எல்லாம் வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா இந்த வீட்டுல யாரு காதுலயும் விழாது.

— யாரு சொன்னா விழும்?

— மாப்பிள்ளை சொன்னா விழும். பெத்த அப்பாவுக்கு முன்னாலயே துணிஞ்சு நின்னவரு நீங்க. எங்க அப்பாகிட்டப் போயி பொண்ணு புடிக்கலன்னு சொல்லிருங்க. ஞாயித்துக்கெழம மொதப் பஸ்ஸுல அருவாளோட வந்துருதேன்.