நாலு வினாடி பில்டு

அத்தானின் கம்ப்யூட்டரில் இரண்டு வரிகளை அழித்துவிட்டேன். சுவடு தெரியாமல் அழிக்க இருபது நிமிடம் ஆனது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. கால் நசுங்கியது லிஃப்ட் மெக்கானிக்குக்கு.

எனக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அக்காவின் கணவர்தான் அத்தான். லிஃப்ட்டை ஓட்டும் மென்பொருள் எழுதுகிறார், வீட்டிலிருந்தே வேலை. ஒரே மென்பொருளுக்கு அவரிடம் நாலைந்து கிளைகள், அதாவது தனித்தனிப் பிரதிகள், உண்டு. ஒன்றில் புது வேலை, ஒன்றில் புகாருக்கான திருத்தம், இப்படி. ஒரே ஃபோல்டருக்குள் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், வேறுபடும் ஃபைல்களுக்கெல்லாம் புதுத் தேதி விழும். எழுதியதை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுவதற்குப் பெயர் பில்டு. அதைச் செய்யும் கருவிக்குத் தேதி ஒன்றுதான் கணக்கு. புதுத் தேதியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்துவிடும். நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடமும் அத்தானுக்குப் பொழுது போக வேண்டும். சமையலறைக்கு வருவார். "காலைலேர்ந்து இந்த நாலு பாத்திரத்தையா தேய்ச்சிட்டிருக்கே?" என்று தொடங்குவார். டப்பா மூடி, தரை ஈரம், அக்கா படித்து முடிக்காத படிப்பு. ஒரு நாளில் மூன்று தடவை கிளை மாறினால் அக்காவுக்கு இரண்டு மணி நேரம் அர்ச்சனை.

நானே தேடிப் படித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கிளைக்கு ஒரு ஃபோல்டர். மாறவே வேண்டாம், ஒவ்வொரு பில்டும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கும். இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அக்கா ரேடியோ கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

பிறகு ஒரு நாள் அத்தான் வீடியோவில் தன் குழுவிடம் அதைத் தன்னுடைய யோசனை என்று சொன்னார். பாராட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அப்போது அக்கா காப்பி கொண்டுபோனாள். அவளைக் காட்டி, "பழைய பில்டும் என் வீட்டுக்காரியும் ஒரே ரகம்பா. தட்டிவிட்டா நகர நாப்பது நிமிஷம். பில்டை சரி பண்ணிட்டேன், இதைத்தான் ஒண்ணும் பண்ண முடியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவரே வந்து கேட்டார்.

"ஏய் வாலு, ஃபோல்டர் ஃபோல்டரா வெச்சு டிஸ்க் ரொம்பிப்போச்சு. ஒரே ஃபோல்டர்ல, அதே வேகத்துல ஆகற மாதிரி ஏதாவது பண்ணேன்."

"பண்றேன் அத்தான்."

கிளை மாறியதும் ஃபைல்களுக்குப் பழைய தேதியையே திரும்பப் போட்டுவிட இரண்டு வரி போதும். எதுவும் மாறவில்லை என்று கருவி நம்பிவிடும். நாலு வினாடியில் பில்டு. அத்தான் தானே திருத்தும் ஃபைல்களில் புதுத் தேதி விழும் என்பதால் அவருக்குச் சந்தேகம் வராது. மற்றவர்கள் எழுதிக் கிளை வழியாக வரும் திருத்தம் மட்டும் உள்ளே போகாது. போனதாகப் பெயர் இருக்கும். தெரிந்துதான் எழுதினேன். அதே குழு ஒரு நாள் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்காக.

வந்தது கதவுத் திருத்தம். கதவு முழுதாக மூடுவதற்குள் லிஃப்ட் நகர்ந்துவிடுகிறது என்று புகார். அத்தான் அந்தக் கிளைக்கு மாறினார், நாலு வினாடியில் பில்டு செய்தார், சோதனைப் பட்டியலில் வழக்கம்போல் பார்க்காமலே டிக் போட்டார், பதினொரு லிஃப்ட்டுக்கு அனுப்பினார். அன்று மாலை நான் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே பழையதுதான் இருந்தது. மறுநாள் வேதியியல் தேர்வு என்பதால் மூடிவைத்துவிட்டுப் படித்தேன். தேர்வு நன்றாக எழுதினேன்.

அது ஆறு நாளைக்கு முன்னால். இன்று மெக்கானிக், கோளாறு சரியாகிவிட்டது என்று நம்பி, மூடாத கதவுக்கு நடுவில் காலை வைத்திருக்கிறார்.

சற்றுமுன் அத்தான் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. பாவம், ரெண்டு பிள்ளைங்க. ஆனா திருத்தம் போனதுக்கு ரெக்கார்டு இருக்கு. அந்தாளு கவனக்குறைவுன்னு கம்பெனில எழுதிட்டாங்க. எனக்கு ஒண்ணும் வராது, நீ அழாத."

மீதிப் பத்து லிஃப்ட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் வாய் திறந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அப்போது அத்தான் ஏமாற்றப்பட்ட அப்பாவி ஆகிவிடுவார். எல்லோரும் அவருக்காக உச்சுக்கொட்டுவார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வரிகளை அழித்தாயிற்று. இனி யார் தோண்டினாலும் அவர் செய்ததாகத்தான் தெரியும். தோண்டுவதற்கு இன்னும் ஒரு விபத்து போதும் என்று நினைக்கிறேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்கிறாள்.

"அவர் மேல தப்பில்லையாம்டி. அப்ப மத்த லிஃப்ட்டெல்லாம் சரியாத்தானே இருக்கும்? நீதான் இதெல்லாம் தெரிஞ்சவளாச்சே, சொல்லு?"