சந்தேகத் திலகத்துக்குச் சந்தேகப்பட்டவர்கள் எழுதியது

ஆயிரம் கோடி ஆண்டுப் பழைய ஒளியையும் அடையாளம் கேட்டே உள்ளே விட்ட அம்மையீர்! குவேசார்களைக் குறுக்கு விசாரணை செய்த கோமகளே! எங்கள் சந்தேகத் திலகமே! வணக்கம். இம்மடலை வாசிக்கக் கேட்கும்போதே இதில் எத்தனை மிகைச்சொற்கள் என்று மனத்துக்குள் எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். எண்ணுங்கள், உங்கள் ஆய்வுக் குழுவினராகிய நாங்களும் எண்ணி வைத்திருக்கிறோம்.

பணி ஓய்வு பெறும் இந்நாள் வரை முப்பத்து நான்கு ஆண்டுகள்! அண்டத்தின் அந்தக் கோடியில் எரியும் குவேசார்கள் என்னும் பேரொளி விண்பொருள்களின் ஒளி, வழியில் வாயு மேகங்களைக் கடக்கையில் பெறுகிற கருங்கோடுகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தீர்கள். அன்றைய அணுவும் இன்றைய அணுவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவைதாமா, மாறிலி என்று நாம் மதிக்கும் எண் உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வியோடே உண்டீர்கள், உறங்கினீர்கள். அந்த ஒளியை ஒப்பிட்டு அளக்க அளவுகோலாக வைத்த விளக்கை நம்பவில்லை, வெப்பமானியை நம்பவில்லை. காபியில் சர்க்கரை போடவில்லை என்று நாங்கள் சத்தியம் செய்தபோதும் நம்பவில்லை. "வீட்டுல பால் பொங்குனாக்கூட, மறுபடி பொங்குதான்னு பாத்துட்டுத்தான் அடுப்ப அணைப்பா" என்று உங்கள் கணவர் எங்களிடம் புலம்பியதை இந்த அவையில் போட்டு உடைக்கிறோம். அவர் முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

உங்களிடம் பயின்ற அந்தச் சந்தேகத்தை, வெட்கத்தோடு சொல்கிறோம், உங்கள் மீதே திருப்பினோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்த மாறிலி பழங்காலத்தில் இம்மியளவு குறைவாக இருந்தது என்று நாம் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. பதினொருவர் பெயர் அதில் இருந்தது. எங்கள் பதவி உயர்வுகளும் இந்தக் கட்டடத்தின் மாடியும் அதனால் வந்தவை. ஆகவே சென்ற மாதம் நூலகர் மூச்சிரைக்க வந்து, "மேடம் ஜர்னலுக்கு ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க, பேரு அவங்களது மட்டும்தான் இருக்கு" என்றதும் எங்கள் முகம் சுண்டிப்போயிற்று. போகிற போக்கில் புகழை முழுதாக மூட்டை கட்டுகிறீர்கள் என்று முடிவு கட்டினோம்.

அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததெல்லாம் சாட்சியாயிற்று. உங்கள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஒளியியல் பட்டறைக்காரரை மட்டும் விளக்கறைக்கு மூன்று நாள் அழைத்துப் போனீர்கள். அவரை மடக்கிக் கேட்டால், "என்னக் கேக்காதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்" என்று நழுவினார். எல்லாவற்றுக்கும் மேலாக, நடைவழியில் எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள்! முப்பத்து நான்கு ஆண்டுகளில் காரணமின்றிச் சிரித்தறியாதவர் சிரித்தால் நாங்கள் என்ன நினைப்பது? நீங்கள் வந்தால் தேநீர் அறையில் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

சென்ற வெள்ளியன்று அச்சுப்பொறித் தட்டில் அந்தக் கட்டுரையின் படி கிடந்தது. அனுமதியின்றிப் படித்தோம், மன்னியுங்கள். விளக்கின் ஒளியும் குவேசாரின் ஒளியும் கருவிக்குள் ஒரே கோணத்தில் நுழையவில்லை, அதனால் நம் அளவுகோலே மயிரிழை இழுபட்டிருந்தது, மாறிலி மாறியதாக நாம் சொன்னதற்கு ஆதாரமில்லை என்று அதில் எழுதியிருந்தீர்கள். கடைசி வரி: "இப்பிழைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது."

அம்மையீர்! அந்த விளக்கைப் பொருத்தியவர்கள் நாங்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கோணத்தைச் சரிபார்க்காமல், சரிபார்த்ததாக உங்களிடம் சொன்னவர்களும் நாங்கள். அது உங்களுக்குத் தெரியும் என்பதை அந்தக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், எங்கள் பெயர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், யார் என்று சொல்லாமல் "அன்று பொருத்தப்பட்ட விளக்கு" என்று மட்டும் எழுதிக் கடந்ததில் கண்டுகொண்டோம். அன்று நீங்கள் சந்தேகப்படாமல் நம்பியது எங்களை மட்டுமே. படித்து முடித்து அழுதோம்.

உங்கள் கண் மங்காதிருக்க! கால் தளராதிருக்க! உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னாலும் இன்னொரு முறை அளக்கச் சொல்லி, அவர் பொறுமையைச் சோதித்தபடி நூறாண்டு நலமாய் வாழ்க!

இன்று காலை இதழாசிரியருக்கு எங்கள் கடிதம் போய்விட்டது. கட்டுரையில் பதினொரு பெயரும் வரும். விளக்கைப் பொருத்தியவர்கள் யார் என்பதும் வரும். எங்களைக் காப்பாற்ற அந்தப் பெயர்களை மறுபடியும் நீக்கிவிடுவீர்களோ என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு. ஆகவேதான் இதை எல்லார் முன்னிலையிலும் வாசித்து, கையொப்பமிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தருகிறோம்.

இவண்,
விளக்கைப் பொருத்திய பத்துப் பேர்