பேஸ் ஓடுகிறது

டிரம்ஸ்: இங்கயா நிக்கிற நீ? லிஃப்ட் வாசல்லயா?

பேஸ்: ஆமா. கொஞ்சம் தள்ளி நில்லு மாப்ள, பெட்டியத் தள்ளிட்டு வர்றவங்களுக்கு வழிய மறிக்கிற.

டிரம்ஸ்: ஆளுயரத்துக்கு இந்த பேஸ் வாத்தியத்தத் தூக்கிட்டு வர்ற. இவ்வளவு பெரிய ஹோட்டல்ல ஒரு மேடை போட்டுத் தர மாட்டாங்களா?

பேஸ்: தந்தாங்களே. இதோ, இந்தக் கம்பளம்.

டிரம்ஸ்: விளையாடாத மச்சான். கூட வாசிக்கிறது யாரு?

பேஸ்: ஒரு பொண்ணு பாடுது. அதுவே கீபோர்டும் வாசிச்சுக்கும்.

டிரம்ஸ்: டிரம்ஸ்?

பேஸ்: கீபோர்டுக்குள்ளயே இருக்கு. பட்டனை அமுக்கினா வருது. டீ கேக்காது, லேட்டா வராது, தங்கச்சியக் கட்டிக் குடுன்னு வந்து நிக்காது.

டிரம்ஸ்: ஆரம்பிச்சிட்டியா...

பேஸ்: நீதான் வந்த, நான் கூப்பிடல. நான் குரூப்ப விட்டு வந்த நாள்ல இருந்து எட்டிப் பாக்கல. இன்னைக்கு என்ன அதிசயம்?

டிரம்ஸ்: ஏன், மச்சானப் பாக்க வரக்கூடாதா?

பேஸ்: வரலாம். கையில என்ன பை? ஆரஞ்சா? ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரில்ல வந்திருக்க.

டிரம்ஸ்: உன் தங்கச்சி குடுத்து விட்டா.

பேஸ்: பொய். ஆரஞ்சு எனக்கு ஆகாதுன்னு அவளுக்குத் தெரியும்.

டிரம்ஸ்: ...சரி, நான்தான் வாங்கினேன்.

பேஸ்: நீ கைக்காசப் போட்டு வாங்கினியா? அப்ப பெரிய விஷயம்தான். சொல்லு.

மேனேஜர்: சார், ஆரம்பிக்கலாமா? அப்புறம்... நேத்து மாதிரி சத்தம் வேண்டாம் சார். ரிசப்ஷன்ல போன்ல பேசுறது கேக்கலையாம்.

பேஸ்: பாடுற பொண்ணு வரட்டும் சார், ஆரம்பிச்சிடலாம். கம்பியத் தொட்டும் தொடாம வாசிக்கிறேன்.

மேனேஜர்: தேங்க்ஸ் சார். இவரும் உங்க கூட வாசிக்கிறவரா?

பேஸ்: வாசிச்சிட்டிருந்தார். இப்ப என் தங்கச்சி வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

டிரம்ஸ்: ...அந்தாளு முன்னாடி அப்படிச் சொல்லணுமா?

பேஸ்: போயிட்டார்ல? விஷயத்துக்கு வா.

டிரம்ஸ்: சனிக்கிழமை ரெக்கார்டிங்.

பேஸ்: தெரியும். பெரிய கம்பெனி. அந்த ஈரம் பூத்த ரூம்ல, நாற்காலி பத்தாம ஆம்ப் பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, நாம ஜாஸ் ஜாஸ்னு செத்தது இதுக்குத்தானே? நல்லா பண்ணுங்க. வாழ்த்துக்கள்.

டிரம்ஸ்: உன்ன விட்டுட்டு என்னடா ரெக்கார்டிங்? திரும்பி வந்துடு மச்சான்.

பேஸ்: என் இடத்துல ஒருத்தி நிக்கிறாளே, அவள என்ன பண்ணுவீங்க?

டிரம்ஸ்: கடிகாரமா? அவ கதைக்கே ஆக மாட்டா.

பேஸ்: கடிகாரமா?

டிரம்ஸ்: நான் வெச்ச பேரு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரால இருந்தவளாம். டக் டக்னு வாசிச்சிட்டே போவா. பக்கத்துல வீடு பத்தி எரிஞ்சாலும் திரும்பிப் பாக்க மாட்டா. ஜாஸ்ல அப்படி வாசிச்சா உருப்படுமா? ஒருத்தர ஒருத்தர் காது குடுத்துக் கேக்கணும், விட்டுக் குடுக்கணும்...

பேஸ்: விட்டுக் குடுக்கிறதப் பத்தி நீ பேசுற. கேக்க நல்லாத்தான் இருக்கு.

டிரம்ஸ்: குத்தாத மச்சான். உனக்காக நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா? குரூப்ப நடத்துற நம்ம சாக்ஸ் வாசிக்கிறவர் உன்னத் தூக்கின அன்னைக்கு, அந்தாளு சட்டையப் பிடிக்காத குறைதான். என் மச்சான் இல்லாத குரூப்புக்கு எனக்கென்ன வேலைன்னு...

பேஸ்: அப்படியா கேட்ட?

டிரம்ஸ்: பின்ன?

பேஸ்: ம். சாக்ஸ் என்ன எதுக்குத் தூக்கினாராம்?

டிரம்ஸ்: அதான் தெரியுமே. நீ ஓடுறேன்னு... தாளத்துக்கு முன்னாடி போறேன்னு.

பேஸ்: ஓடினேனா?

டிரம்ஸ்: அது... கொஞ்சம்... எல்லாருக்கும் வர்றதுதான், விடு.

பேஸ்: ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடு.

டிரம்ஸ்: ஆகாதுன்ன?

பேஸ்: ஆகலன்னா நான் பாத்துக்கிறேன். உரி.

டிரம்ஸ்: அப்புறம் உரிக்கிறேனே...

பேஸ்: இப்ப. வலது கையில பிடிச்சுக்கிட்டு இடது கையால உரி.

டிரம்ஸ்: என்ன மச்சான் இது, சின்னப் புள்ள மாதிரி—

பேஸ்: உரிடா!

டிரம்ஸ்: உரிக்கிறேன்... தோலு கெட்டியா இருக்கு மச்சான்.

பேஸ்: நகம் இறங்கலல்ல?

டிரம்ஸ்: ...எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?

பேஸ்: மூணு வருஷமா. உன் இடது கை மரத்துப் போகுது. அடி ஒரு மயிரிழை பிந்தி விழுது. விட்டா மொத்தப் பாட்டும் படுத்துடும். அதனால நான் ஒரு மயிரிழை முந்தி வாசிச்சேன், உன்ன இழுத்துட்டுப் போறதுக்கு. நீயும் நான் இழுத்த இழுப்புக்கு வந்துட்ட. கேக்கிறவனுக்கு உன் அடி ஒழுங்கா இருந்துச்சு, என் பேஸ் ஓடுச்சு.

டிரம்ஸ்: உன்ன யாரு செய்யச் சொன்னா? நான் கேட்டேனா?

பேஸ்: நீ எங்க கேட்ட? உன் பொண்டாட்டி கேட்டா.

டிரம்ஸ்: அவளுக்குத் தெரியாது!

பேஸ்: காலையில உன் சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறது யாரு? ஆசையிலயா போட்டு விடுறா? "அண்ணே, அவருக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, கூட இருந்து பாத்துக்கோ"ன்னு அழுதா. பாத்துக்கிட்டேன். கப்பல்ல வாசிக்கக் கூப்பிட்டாங்களே, நல்ல சம்பளம், ஊர் ஊரா போகலாம்... ஏன் போகலன்னு நெனச்ச?

டிரம்ஸ்: உனக்குக் கடல் ஒத்துக்காதுன்ன.

பேஸ்: நான் கடலப் பாத்ததே இல்லடா. டாக்டர்கிட்ட போனியா?

டிரம்ஸ்: போனா வாசிக்காதன்னு சொல்வான். அதக் கேக்க எதுக்குப் போகணும்? எனக்கு வேற என்ன மச்சான் தெரியும்? கையில குச்சி இருந்தா நாலு பேரு மதிக்கிறான். கீழ வெச்சா யாரு சீந்துவா?

பேஸ்: அதனாலதான் சாக்ஸ் ஒத்திகைப் பதிவப் போட்டு, தப்பு யாரு மேலன்னு கேட்டப்ப என் பேரச் சொன்ன.

டிரம்ஸ்: யாரு... எவன் சொன்னான் அப்படி?

பேஸ்: சாக்ஸேதான். "நான் சொல்லலப்பா, உன் மாப்பிள்ளையே சொல்றான்"னார். அதுல அவருக்கு ஒரு சந்தோஷம் வேற.

டிரம்ஸ்: வாய் தவறி வந்துடுச்சு மச்சான். என் கையவே பாத்துக்கிட்டு கேட்டார்... பயந்துட்டேன். நீ ஏன் வாயத் திறக்கல? "கோளாறு அவன் கையிலதான்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

பேஸ்: நீயே வந்து சொல்வேன்னு இருந்தேன். ஒரு வாரம் போனப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வயிறு எரிஞ்சுது மாப்ள. இப்பவும் எரியுது.

டிரம்ஸ்: நேத்து ஒத்திகைல என் மானமே போச்சு. கடிகாரம் எனக்காக ஒரு பொட்டு கூட அசைய மாட்டேங்கிறா. என் அடி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. பியானோக்கார அம்மா வாசிச்சிட்டே திரும்பிப் பாக்குறாங்க. சாக்ஸ் ஊதுறத நிறுத்திட்டார். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ கேக்கிறேன், சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்"ன்னுட்டார். அத்தன பேர் முன்னாடி!

பேஸ்: அதுக்குத்தான் ஆரஞ்சு.

டிரம்ஸ்: ஆமா, அதுக்குத்தான். கால்ல விழச் சொல்றியா? இந்த லிஃப்ட் வாசல்லயே விழறேன். நீ பக்கத்துல நின்னா போதும் மச்சான், நான் கரையேறிடுவேன். சாக்ஸ்கிட்ட நானே சொல்றேன், பேஸ் ஓடல, தப்பு என் மேலன்னு.

பேஸ்: சொல்வியா?

டிரம்ஸ்: சத்தியமா.

பேஸ்: இப்ப போன் பண்ணு. நான் பக்கத்துலதான் இருக்கேன்.

டிரம்ஸ்: ...ரெக்கார்டிங் முடியட்டும். முடிஞ்ச கையோட சொல்லிடறேன்.

பேஸ்: அதான பாத்தேன். ஒரு நிமிஷம் நான் கூட நம்பிட்டேன்.

டிரம்ஸ்: என் நிலைமையப் புரிஞ்சுக்கோ... எத்தனையோ பேரு பேஸ் வாசிக்கிறாங்க மச்சான். அனுசரிச்சுப் போறவன், அசமந்தம், எவனா இருந்தாலும் ஒப்பேத்தியிருப்பேன். என் தலையெழுத்து, தேடிப் பிடிச்ச மாதிரி இவ வந்து நிக்கிறா.

மேனேஜர்: சார், பாடுறவங்க வந்துட்டாங்க. கெஸ்ட் எல்லாம் இறங்கி வர்ற நேரம்.

பேஸ்: இதோ ஆரம்பிக்கிறேன் சார்.

டிரம்ஸ்: மச்சான், ஒரு பதில் சொல்லிட்டு வாசி. வர்றியா, இல்லியா? எனக்காக வேண்டாம். உன் தங்கச்சி மூஞ்சிக்காகவாவது...

பேஸ்: அவ மூஞ்சிக்காகத்தான் அத்தன நாளும் ஓடினேன். இனிமே அந்த மூஞ்சியில எப்படி முழிக்கப் போறேன்னுதான் தெரியல.

டிரம்ஸ்: நீ ஏன் முழிக்க முடியாது? தப்பு பண்ணது நான். நீ என்ன பண்ண?

பேஸ்: என்ன அனுப்பின அன்னைக்கு சாக்ஸ் கேட்டார், "உன் இடத்துல யாரப் போடலாம், நல்ல ஆளாச் சொல்லு"ன்னு. உன் கடிகாரத்தோட பேரச் சொன்னது நான்தான் மாப்ள. எவனுக்காகவும் அசையாத ஆளா யோசிச்சுப் பாத்துத்தான் சொன்னேன்.